நாலாம் அறை இதயம்

ஹார்மன் மாமாவுக்கு இதயம் சரியில்லை. எங்கள் தெருவில் இது தெரியாதவர் யாரும் இல்லை. கேட்பதற்கு முன்னால் அவரே சொல்லிவிடுவார். இதயத்து வால்வு ஒன்று சுருங்கி, ஒவ்வொரு துடிப்புக்கும் ரத்தம் புஸ் புஸ்ஸென்று பீறிடுகிறதாம். நாற்பத்தெட்டு வயது வரை கால்வாய்ப் பாலத்தைத் தூக்கி இறக்குகிற வேலை பார்த்தார். படகு வந்தால் மணியடித்து, சைக்கிள்காரர்கள் திட்டத் திட்டப் பாலத்தைத் தூக்க வேண்டும். இந்தப் புஸ்ஸைக் கண்டுபிடித்ததும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஒரு வருடம் ஜன்னலோரம் உட்கார்ந்து, புது ஆள் பாலம் தூக்குகிற லட்சணத்தைக் குறை சொன்னதுதான் அவருக்கு வேலை என்று அம்மா சொல்வாள்.

அப்புறம் பல்கலைக்கழக மருத்துவமனையிலிருந்து கூப்பிட்டார்கள். மாணவர்களுக்குத் தேர்வு வைக்க நிஜமான நோயாளிகள் தேவை. எந்த இதயத்தால் வேலை போனதோ அதே இதயத்துக்கு வேலை கிடைத்தது. பத்தொன்பது வருடம், வருடத்துக்கு நான்கு வியாழக்கிழமை, நாலாம் அறை. மாணவர்கள் ஒவ்வொருவராக வந்து ஏழு நிமிடம் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டு, கேட்டதைத் தாளில் எழுதிவிட்டுப் போவார்கள். முந்தின நாளே மாமா நெஞ்சு முடியை மழித்துவிடுவார்.

"முடி உரசுனா சளி மாதிரி கேக்குமாம்டா. புள்ளைங்க கொழம்பிரக் கூடாதில்ல. இந்த ஊர்ல பாதி டாக்டருங்க என் நெஞ்சுல படிச்சவங்கதான், தெரியுமா?"

நான் யோரிட், பக்கத்து வீடு. பதினாறு வயதில், வருடப்பிறப்புப் பட்டாசு ஒன்றைத் தலைமையாசிரியர் வீட்டுத் தபால் பெட்டிக்குள் போட்டேன். பெட்டி போயிற்று, பள்ளிக்கூடமும் போயிற்று. இருபது மணி நேரம் சமூக சேவை என்று தண்டனை. மாமாதான் தேர்வு நடத்துகிற டாக்டர் ஹுக்ஸ்ட்ராவிடம் பேசி என்னைத் தேர்வில் சேர்த்துவிட்டார். எல்லா அறையிலும் நோயே இருந்தால் மாணவர்கள் கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிடுவார்களாம். அதனால் இரண்டாம் அறைக்கு ஒரு நல்ல இதயம் வேண்டும்.

"பேசாத. இளிக்காத. மூச்சு மட்டும் விடு."

"மூச்சு விடறதுக்கு மார்க் உண்டா மாமா?"

"உனக்கா? அதுலயும் பெயிலாயிருவ."

அந்த வியாழக்கிழமை காலை சைக்கிள் நிறுத்துமிடத்தில் இரண்டு மாணவர்கள் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. "நாலாம் ரூம்ல வால்வு, கழுத்து வரைக்கும் கேக்குதுன்னு எழுது. ரெண்டாவதுல ஒண்ணும் கெடையாது. வருஷா வருஷம் இதேதான்."

எனக்குக் கை அரித்தது. யாரும் வருவதற்குள் நாலு என்று எழுதியிருந்த அட்டையைக் கழற்றி என் அறைக் கதவில் மாட்டினேன். இரண்டு என்ற அட்டை அவர் கதவுக்குப் போனது. மாமா கதவைப் பார்க்கவே இல்லை. பத்தொன்பது வருடப் பழக்கம், கால் தானாகப் போய்விட்டது.

எட்டுப் பேர் வந்தார்கள். ஒருவன் என் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு, பாட்டுக் கேட்கிற மாதிரி தலையை ஆட்டினான். இன்னொருத்தி என் கழுத்தில் வைத்து, "ம்ம்" என்றாள். சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தேன். டெஸல் என்ற பெண் மட்டும் மூன்று தடவை கேட்டாள். எழுதியதை அடித்துவிட்டு மறுபடி எழுதினாள். அவளுக்கு இது மூன்றாவது முயற்சி என்று எனக்குத் தெரியாது.

முடிந்ததும் எல்லோரும் காபி அறைக்குப் போனோம். டாக்டர் ஹுக்ஸ்ட்ரா தாள்களைப் புரட்டிக்கொண்டே வந்தவர் நின்றார்.

"டெஸல், ரெண்டையும் மாத்தி எழுதியிருக்கியேம்மா."

"எனக்கு அப்படித்தான் டாக்டர் கேட்டுச்சு." அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். "என் காதுதான் சரியில்ல போல. ரெண்டுல இருந்த பெரியவருக்குக் கழுத்து வரைக்கும்..."

"ரெண்டுல ஏது பெரியவரு? அங்க இருக்கறது இந்தப் பையன்."

நான் வெடித்துச் சிரித்தேன். "மாட்டிக்கிட்டீங்களா!" என்று மற்ற ஏழு பேரையும் பார்த்துக் கைதட்டினேன். அட்டை மாற்றிய கதையைச் சொன்னேன். மாமாவும் சேர்ந்து சிரிப்பார் என்று அவர் பக்கம் திரும்பினேன்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாள்களை ஒவ்வொன்றாக எடுத்துப் படித்துக்கொண்டிருந்தார். இரண்டாம் அறை, இயல்பான இதயம். அடுத்த தாள். இயல்பான இதயம். ஏழு தாளிலும் அதுதான்.

"என் நெஞ்சுல வெச்சுக் கேட்டுட்டா இத எழுதினீங்க?"

ஒருத்தி ஸ்டெதாஸ்கோப்பைச் சுருட்டிப் பைக்குள் போட்டாள்.

"போன வருஷம் வந்த புள்ளைங்களும் இப்படித்தானா? அதுக்கு முந்தி வந்தவங்க?"

டாக்டர் ஹுக்ஸ்ட்ரா தரையைப் பார்த்தார். மாமா சட்டைப் பொத்தானை ஒரு துளை தள்ளிப் போட்டுக்கொண்டு வெளியே போனார். ஊற்றி வைத்த காபி அப்படியே இருந்தது. அந்த மனிதர் காபியை விட்டுவிட்டுப் போய் நான் பார்த்ததே இல்லை.

அந்தத் தேர்வு செல்லாது, மூன்று வாரம் கழித்து எல்லோரும் மறுபடி எழுத வேண்டும் என்றார்கள். என்னையும் திட்டினார்கள், அது எனக்குப் பழக்கம். மாமா இனிமேல் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். அது பழக்கமில்லை. மறுபடி ஜன்னலோரம் போய் உட்கார்ந்துகொண்டார். இந்தத் தடவை பாலத்தைக் குறைகூடச் சொல்லவில்லை.

ஒருநாள் கதவைத் தட்டினேன். "மன்னிச்சிருங்க மாமா. அவனுங்களத்தான் மாட்டிவிடலாம்னு நெனச்சேன்."

"நீ பொய் ஒண்ணும் சொல்லலையேடா. அதான் எரியுது" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

வேறு வழி தெரியாமல் மருத்துவமனை கேன்டீனில் போய் டெஸலைத் தேடிப் பிடித்தேன். "அட்டைய மாத்துனது நான்தான்."

"தெரியும். உன் நெஞ்சத்தான் மூணு வாட்டி கேட்டேனே. உள்ள ஒண்ணுமே இல்ல."

"ஸ்கூல்லயும் அதத்தான் சொன்னாங்க" என்றேன். அவள் சிரிக்கவில்லை. மாமா இனிமேல் வரமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்ட விஷயத்தைச் சொன்னதும் பாதி ரொட்டியைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்தாள்.

மறுதேர்வுக்கு முந்தின நாள் சாயங்காலம், புதன்கிழமை, இருவரும் மாமா வீட்டுக்குப் போனோம். அவளைப் பார்த்ததும், "ஆறுதல் சொல்ல வந்தியாம்மா? வேணாம்" என்றார்.

"ஆறுதல்லாம் சொல்ல எனக்கு வராது. இதுக்கு முன்னாடி நீங்க கேட்டிருக்கீங்களா?"

"எத?"

"உங்க இதயத்த."

அவர் விழித்தார். பத்தொன்பது வருடத்தில் யாருமே அவர் காதில் அந்தக் குழாயை மாட்டிவிட்டதில்லை. டெஸல் மாட்டிவிட்டு, மறுமுனையை அவர் நெஞ்சில் வைத்து அழுத்தினாள். மழிக்காத முடி உரசியிருக்கும், முகம் சுளித்தார். அப்புறம் அசையவே இல்லை. வாய் லேசாகத் திறந்திருந்தது.

"அடப்பாவிகளா" என்றார் கடைசியில். "இவ்ளோ சத்தமாவா?"

"நான் ரெண்டே துடிப்புல கண்டுபிடிச்சேன். காத வெச்சவங்க யாருக்கும் தப்பாது."

அவர் ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றி என்னிடம் நீட்டினார். "நீ கேளு."

கேட்டேன். ஒவ்வொரு துடிப்புக்கும் யாரோ மூடிய பல்லுக்கு நடுவே ஊதுகிற மாதிரி இருந்தது.

"கேக்குதா?"

கேட்டது. ஆனால் அந்தச் சொல் என் வாயிலிருந்து வரவில்லை. என் நெஞ்சில் வைத்துவிட்டுத் தலையாட்டிய அந்த ஏழு பேரும் கேட்கிறது என்றுதானே எழுதினார்கள்? இனி யார் சொன்னாலும் அவர் எப்படி நம்புவார்? அந்தச் சொல்லைக் கெடுத்ததே நான்தான். காதெல்லாம் சுட்டது. அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் மேஜையைப் பார்த்தேன்.

அப்புறம் ஒற்றை விரலால் மேஜையில் தட்டினேன். புஸ்ஸுக்கு ஒரு தட்டு. அடுத்த புஸ்ஸுக்கு அடுத்த தட்டு. நடுவில் ஒரு துடிப்பு தாமதமாக வந்தது. என் விரலும் காத்திருந்துதான் தட்டியது.

மாமா தன் மணிக்கட்டில் விரலை வைத்து நாடியைப் பிடித்துக்கொண்டு, என் விரலையே பார்த்தார். வெகு நேரம் சரிபார்த்தார்.

"நாளைக்கு எத்தன மணிக்கும்மா?" என்று டெஸலைக் கேட்டார்.