முட்டை ஆப்புக்கு முன்னால் நின்றவன்

தண்ணீரே வராது என்று ஊரே சொன்ன புதுச்சத்திரத்து மேட்டில் கோழிப்பண்ணை போட்டவன் நான். ஐந்தாம் வகுப்போடு நின்றவனை நம்பி எவன் வண்டி தருவான் என்றார்கள். லாரி ஓட்டி, லாரி வாங்கி, தீவன ஆலையும் கட்டினேன். வியாபாரிகள் போனிலேயே முட்டை லோடு பதிகிற ஆப்பையும் நான்தான் கட்டினேன். புரோகிராம் எழுதியது மருமகள்.

அந்த ஆப் கிளவுடில், அதாவது எங்கோ இருக்கும் மூன்று வாடகை சர்வர்களில் ஓடுகிறது. முன்னால் லோடு பேலன்சர் நின்று, வருகிறவர்களை மூன்றுக்கும் முறை வைத்து அனுப்பும்.

"ஒரு சர்வர் படுத்துக்கிட்டா அதைத் தாண்டி அடுத்ததுக்கு உடற மாதிரி வெச்சரலாமுங்க மாமா" என்றாள் மருமகள்.

நான் ஒப்பவில்லை. லாரி புக்கிங் ஆபீசில் ஸ்பிரிங் பட்டை உடைந்து நிற்கிற வண்டிக்கும் முறை முறைதான். "எவன் முறையும் போகக்கூடாது அம்மிணி" என்றேன். அப்படியே வைத்தாள்.

ஒரு நாள் முட்டை விலை அறிவித்ததும் எல்லோரும் ஒன்றாக ஆப்பைத் திறந்தார்கள். ஒரு சர்வர் படுத்துவிட்டது. மூன்றில் ஒருவர் முறை தவறாமல் அதனிடமே போய் நின்றார். எங்கள் முட்டையில் பாதியை எடுக்கும் பாலக்காட்டு வியாபாரி போனில் வந்தார். "சுத்திக்கிட்டே இருக்கு. கொஞ்ச நேரம் பாப்பேன், அப்புறம் பக்கத்துப் பண்ணைதான்."

"இப்பவாவது தாண்டி உடட்டுங்களா மாமா?" என்றாள் மருமகள்.

"உடு."

"மாத்தி முடிக்கற வரைக்கும் கூட்டம் வந்து உழுகாம இருக்கோணுமுங்க."

கூட்டம் என்றால் என் வேலை. ராசிபுரத்து வியாபாரியைப் போனில் கூப்பிட்டேன்.

"டீ குடிச்சுப்போட்டு மெதுவா ஆப்பைத் தொறங்க."

"குடிச்சாச்சுங்களே."

"இன்னொண்ணு குடிங்க. முட்டை என்ன பறந்தா போகுது?"

இப்படியே ஒவ்வொருவராக நிறுத்தி வைத்தேன். பாலக்காட்டுக்காரரிடம் அவர் மகள் கல்யாணப் பந்தியில் என்னென்ன போட்டார் என்று கேட்டேன். பாயசத்துக்கு வந்தபோது, "அட, பதிவாயிருச்சு" என்று அவரே சொன்னார்.

போன வாரம் பண்ணையாளர் கூட்டத்தில் மருமகள் திரையில் படம் காட்டினாள். ஒரு பக்கம் போன்கள், நடுவில் லோடு பேலன்சர், அப்பால் மூன்று சர்வர்கள். படுத்ததைக் கண்டுபிடித்துத் தாண்டி விடுகிற ஹெல்த் செக்தான் அன்று வியாபாரத்தைக் காப்பாற்றியது என்றாள். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

ஆனால் அந்தப் படத்தில் போன்களுக்கும் லோடு பேலன்சருக்கும் நடுவே வெறும் கோடுதான் இருக்கிறது. அன்று அங்கே நின்றவன் நான். அங்கே ஒரு கட்டம் போட்டு என் பெயரை எழுத வேண்டும். மற்ற கட்டங்களைவிடச் சின்னதாக இருக்கக் கூடாது.