மீதி இருந்த ஒரு மந்திரம்: லேபர் கேம்ப்பிலிருந்து செம்பூர் வரை

தாராவிப் பக்கத்திலிருந்து செம்பூர் மாதா கோவிலுக்குப் போய்வர வழி கேட்டு நாலைந்து பேர் எழுதியிருக்கிறீர்கள். சொல்கிறேன். ஆனால் நான் முதன்முதலில் அந்த வழியில் போன நாளைச் சொல்லாமல் வழியை மட்டும் சொல்ல எனக்குத் தெரியாது. அவசரக்காரர்கள் நேரே கடைசிக்குப் போய்விடுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன். என் கோபமெல்லாம் வேறொருவர் மேல்.

அறுபத்து நான்காம் வருஷம், ஜூலை மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் என் அடுத்த வீட்டுக்காரன் சவரிமுத்து மஞ்சள்காமாலை முற்றிச் சாகக் கிடந்தான். ஒரே ரயிலில் திருநெல்வேலியிலிருந்து வந்து, ஒரே தோல் ஷாப்பில் வேலைக்குச் சேர்ந்தவர்கள் நாங்கள். ஆஸ்பத்திரியில் கையை விரித்துவிட்டார்கள். அவனுக்கு ஒரே ஆசைதான்: செய்த பாவத்தையெல்லாம் ஒரு சாமியார் காதில் சொல்லி மன்னிப்பு வாங்கிவிட்டு, அதாவது பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டுச் சாக வேண்டும், அதுவும் தமிழில்.

பக்கத்துக் கோவில் ஃபாதருக்கு இங்கிலீஷ் தெரியும், கொங்கணி தெரியும், மராத்தி தெரியும். தமிழ் மட்டும் தெரியாது. முந்தின ஞாயிறுதான் அவர் கடவுளின் அன்பு நம் அன்றாட வாழ்க்கையில் எங்கும் நிறைந்திருக்கிறது என்று பிரசங்கம் செய்ததாகப் பக்கத்திலிருந்த மங்களூர்க்காரர் எனக்கு விளக்கினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கும் அன்பாம். சாகிறவன் சொல்வதைக் கேட்க ஒரு காது இல்லையாம்.

"செம்பூர்ல ஒரு தமிழ்ச் சாமியார் இருக்காராம்லே மிக்கேலு. கூட்டிட்டு வா," என்றான் சவரிமுத்து. "பத்து வருசத்துச் சரக்கு வச்சிருக்கேன்."

"அதைக் கேக்க அவரு சோத்தைக் கட்டிட்டுல்லா வரணும்," என்றேன். சிரித்தான். சிரித்ததும் இருமல் வந்தது. அவன் மனைவி ஞானம்மா என்னை முறைத்தாள். கிளம்பினேன்.

காலை பத்து மணி பத்து நிமிஷம். சயான் ஸ்டேஷனுக்கு ஒரு மைல், சேற்றில் இருபத்தைந்து நிமிஷம். டிக்கெட் பதினைந்து பைசா. அடுத்த ஸ்டேஷன் குர்லா. அங்கே இறங்கி மான்குர்த் வண்டிக்கு இருபத்திரண்டு நிமிஷம் காத்திருந்தேன். செம்பூரில் இறங்கிக் கால்மணி நேர நடை. கோவில் வாசலை மிதிக்கும்போது மணி பதினொன்று நாற்பது.

தமிழ்ச் சாமியார் தியானத்துக்குப் பூனா போயிருந்தார். சனிக்கிழமை வருவாராம். நான் மாதா சுரூபத்துக்கு முன்னால் போய் நின்று, "ஒம்ம மகனுக்கு வேற வாரமே கிடைக்கலியா?" என்று சத்தமாகவே கேட்டேன். அந்தச் சத்தத்தில்தான் உள்ளேயிருந்து ஒரு சின்ன வயது கோவாக்காரச் சாமியார் எட்டிப் பார்த்தார். என் பம்பாய் இந்தியில் விஷயத்தைக் கொட்டினேன். அவர் உள்ளே போய், சாகிறவனுக்குக் கொடுக்க நற்கருணை அப்பம் வைத்த சிமிழை நெஞ்சுப் பையில் வைத்துக்கொண்டு, குடையோடு வந்து நின்றார்.

"தமிழ் ஆத்தா ஹை?" என்று கேட்டேன்.

"நஹி ஆத்தா."

தமிழ் வராதாம், பிறகு இவர் எதற்கு வருகிறார்? ஆனால் அதற்குள் அவர் கேட்டைத் தாண்டிவிட்டார்.

டாக்ஸிக்காரன் முதலில் மூன்று ரூபாய் கேட்டான். சாமியார் சரி என்றதும், "சயான் மே பானி பர்கயா, நஹி ஜாயேகா," என்று கையை ஆட்டிவிட்டுப் போய்விட்டான். தண்ணீர் நிற்கிறது, வர மாட்டானாம். ரயிலைப் பிடித்துக் குர்லா வந்தோம். அதோடு வண்டியும் நின்றது. தண்டவாளத்தை ஒட்டி ஒன்றரை மைல், முழங்கால் தண்ணீரில் நடந்தோம். வெள்ளை அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவர் முன்னால். நற்கருணை அப்பம் என்றால் ஆண்டவரேதான்; அதோடு போகிற சாமியார் வழியில் பேச மாட்டார். நானும் திட்ட முடியாது, திட்டப்பட வேண்டியவர் அவர் பையிலேயே அல்லவா வருகிறார்! பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன். அவ்வளவு நீளமான ஒன்றரை மைலை நான் அதற்குப் பிறகு நடந்ததில்லை.

வீடு சேர்ந்தபோது இரண்டேகால். சாமியார் நனைந்து நடுங்கிக்கொண்டு நின்றார்.

"இவருக்குத் தமிழ் தெரியாதுலே," என்றேன். "பயப்படாத. நீ சொல்லு, நான் இந்தியில எடுத்துச் சொல்லுதேன்."

சவரிமுத்து சாமியாரைக் கொஞ்ச நேரம் பார்த்தான். "இவரே போதும். நீ வெளிய போ."

"ஏலே, எனக்குத் தெரியாம நீ என்னத்தலே செஞ்சிருக்க? கள்ள பீடியில இருந்து எல்லாத்துலயும் கூட இருந்தேனே!"

"அதாம்லே சொல்லுதேன். போ வெளிய."

வெளியே தார்ப்பாய்க்குக் கீழே நின்றேன். தகரக் கூரையில் மழை. முப்பத்தைந்து நிமிஷம், கடிகாரம் பார்த்தேன். உள்ளே ஒன்றும் கேட்கவில்லை. ஒரே ஒரு தடவை மழை குறைந்தபோது என் பெயர் கேட்டது. மிக்கேலு. தெளிவாக.

கதவு திறந்தது. சாகிறவனுக்கு எண்ணெய் பூசுகிற அவஸ்தைப்பூசுதலும், அப்பம் கொடுக்கிற நன்மையும் ஆகியிருந்தன. சவரிமுத்து மூன்று விரலைக் காட்டினான். "பாவத்துக்கு அபராதமாச் சொல்ல வேண்டியது மூணே மூணு அருள்நிறைந்த மந்திரம்லே. நல்ல சாமியாரு."

"எம் பேரு காதுல விழுந்திச்சு. என்னத்தலே சொன்ன?"

"சாமிட்டக் கேளு."

"அவருக்குத்தான் தமிழே தெரியாதே!"

"அப்ப அவருக்கு மேல உள்ளவர்ட்டக் கேளு," என்று கண்ணை மூடிக்கொண்டான்.

சாமியாரைச் சயான் வரை கொண்டுபோய் விட்டேன். சிமிழ் காலி, இப்போது பேசலாம். அவன் சொன்ன சத்தங்களை அப்படியே சொல்லுங்கள், அர்த்தத்தை நான் சொல்கிறேன் என்று ஆசை காட்டிப் பார்த்தேன். அவர் சிரித்துக்கொண்டே வாயைப் பொத்திக்கொண்டார். "கேட்பது என் வேலை, புரிந்துகொள்வது அவர் வேலை," என்று இந்தியில் சொல்லி மேலே காட்டினார். நல்ல ஏற்பாடு! நடுவில் நான் ஒருவன் இருப்பது இரண்டு பேருக்கும் மறந்துவிட்டது.

திரும்பி வந்தபோது ஞானம்மா வாசலில் நின்றாள். "ரெண்டு மந்திரம் சொன்னாவ அண்ணாச்சி. மூணாவது தொடங்கும்போது தூங்கிட்டாவ."

பிறகு அவனுக்குத் தெளிவு வரவில்லை. வியாழக்கிழமை பகல் பதினொரு மணிக்குப் போய்விட்டான்.

இத்தனை வருஷமாக இதுதான் என் வழக்கு. சவரிமுத்து எனக்கு ஏதோ செய்திருக்கிறான். என்ன என்று அவனுக்குத் தெரியும், கடவுளுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. அவன் என்னிடம் கேட்கவில்லை. கடவுளும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் மன்னித்துவிட்டார். இதைத்தான் அன்பு என்கிறார்களா? அப்படியென்றால் எனக்கு அது பிடிக்கவில்லை. செம்பூருக்குப் போய் நேரிலேயே சொல்லியிருக்கிறேன், பல தடவை.

இனி வழி. சயானிலிருந்து குர்லா, குர்லாவில் ஹார்பர் பிளாட்பாரம் மாறிச் செம்பூர். கிளம்பும் முன் இன்றைய டிக்கெட் விலையைக் கேட்டுக்கொள்ளுங்கள், என் பதினைந்து பைசாவை நம்ப வேண்டாம். ஜூலையில் போகாதீர்கள்; போனால் ரப்பர் செருப்பு போட்டுக்கொள்ளுங்கள். காலை ஒன்பது மணிக்குள் போய்விட்டால் கோவிலில் உட்கார இடம் உண்டு.

நான் ஜூலையில்தான் போகிறேன். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, முதலில் சவரிமுத்துவை ஒரு பாட்டம் திட்டுவேன். பிறகு அவன் விட்டுப்போன அந்த மூன்றாவது மந்திரத்தைச் சொல்லிவிட்டு எழுந்து வருவேன். செய்தவன் அவன், பட்டவன் நான். அபராதம் கட்டுகிறவனும் நான்.