கல்யாணத்துக்கு ஒரு இறப்புச் சான்றிதழ்

சமீபத்தில் ஒரு கல்யாண வேலையாக ஊர் முழுக்க அலைந்துகொண்டிருந்தேன். புடவை எடுக்க அல்ல, பந்தல்காரரைப் பார்க்க அல்ல. இறப்புச் சான்றிதழ் வாங்க!

பதற வேண்டாம், கல்யாணம்தான். மணப்பெண் என் சிநேகிதி வளர்மதி. கீழ்பென்னாத்தூரில் டீச்சர், ஐம்பதைத் தாண்டியவள். மாப்பிள்ளை மூர்த்தி சார், பஸ் டெப்போவில் மெக்கானிக்காக இருந்து ரிட்டயர் ஆனவர், மனைவியை இழந்தவர். வளர்மதியின் கணவர் ஏழுமலை போய்ச் சேர்ந்து ஒன்பது வருடம் ஆகிறது. "ஆன்ட்டி, எங்கம்மாவ நீங்கதான் மணையில உட்கார வெக்கணும்" என்று பெங்களூரிலிருந்து போன் போட்டு என் தலையில் கட்டியது வளர்மதியின் மகள். மகள் நல்லவள். வேலை எனக்கு!

கல்யாணத்தைப் பதிவு செய்யப் போனால், அங்கே முதல் கேள்வியே இதுதான்.

"ரெண்டு பேருக்கும் ரெண்டாவது கல்யாணமா? அவங்க சம்சாரம், இவங்க வீட்டுக்காரர்... டெத் சர்டிபிகேட் ரெண்டும் குடுங்க."

மூர்த்தி சார் பையைத் திறந்தார். லேமினேட் செய்த சான்றிதழ் ஒன்று, கூடவே கத்தையாக நகல்கள். மெக்கானிக் ஆயிற்றே... ஸ்பேர் இல்லாமல் வண்டியை எடுப்பாரா?

வளர்மதியும் கைப்பையைத் திறந்தாள். மஞ்சள் பூத்துப்போன கருமாதிப் பத்திரிகையை எடுத்து நீட்டினாள்!

"தேதி, நேரம் எல்லாம் இதுல இருக்குதுங்க சார்."

அந்த அலுவலர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மேடம், இத வெச்சி சாப்பாடு போடுவாங்க. கல்யாணம் பண்ணி வெக்க மாட்டாங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வளர்மதி முறைத்தாள்.

"ஏன்டி, ஒன்பது வருஷமா ஒரு சர்டிபிகேட் வாங்க உனக்கு நேரமில்லையா?"

"யார் கேட்டாங்க? நிலம் மாமனார் பேர்ல இருக்குது. சம்பளம் என் பேர்ல வருது. ரேஷன் கார்டுல இன்னும் அவர் பேர் இருக்குது. எடுக்க மனசு வரல, உட்டுட்டேன்."

யோசித்துப் பாருங்கள். ஒருவர் இறந்தால் நாம் என்னதான் செய்யாமல் விடுகிறோம்? மேளம், வெடி, தெரு முழுக்கப் பூ. பஸ் ஸ்டாண்டு சுவர் வரைக்கும் கண்ணீர் அஞ்சலி போஸ்டர். ஊருக்கே தெரிந்துவிடும். அரசாங்கத்துக்கு மட்டும் சொல்ல மாட்டோம்! இருபத்தோரு நாளைக்குள் போய்ச் சொன்னால் செலவில்லாமல் பதிந்துவிடுவார்கள். ஆனால் அந்த இருபத்தோரு நாளும் நமக்குக் கருமாதிக்கு எத்தனை பேர் வருவார்கள் என்ற கணக்கிலேயே போய்விடுகிறது.

சரி, கீழ்பென்னாத்தூர் பேரூராட்சி அலுவலகத்துக்குப் போனோம். தேடிப் பார்த்துவிட்டு, அப்படி ஒரு மரணமே இங்கே பதிவாகவில்லை என்றார்கள். அதையே எழுத்தில் வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டதால் ஆர்.டி.ஓ. ஆபீஸில் மனுப் போட வேண்டும், விசாரணை நடக்கும், ஆர்டர் வந்த பிறகு பதிவு. அதற்கு, மனுப் போடும் மனைவியைத் தவிர, உயிர் பிரியும்போது கூட இருந்த இன்னொருவர் வாக்குமூலம் தர வேண்டும்.

கூட இருந்தது ஒரே ஆள்தான். ஏழுமலையின் தம்பி பழனி.

கதை இதுதான். ஏழுமலைக்கு சர்க்கரை முற்றி, கிட்னி போய், திருவண்ணாமலையில் ஒரு மருத்துவமனையில் கிடந்தார். இனிமேல் ஒன்றும் செய்வதற்கில்லை, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்று டாக்டர்கள் கைவிரித்துவிட்டார்கள். வளர்மதி முன்னாடியே வந்து வீட்டைத் தயார் செய்தாள். பழனி வேனில் அண்ணனை அழைத்து வந்தார். வாசலில் இறக்கி, நாற்காலியில் உட்கார வைத்து, வளர்மதி பால் ஊற்ற, அப்படியே உயிர் பிரிந்தது. நான் உட்பட எல்லோருக்கும் தெரிந்த கதை. பத்திரிகையிலும் 'எமது இல்லத்தில் இறைவனடி சேர்ந்தார்' என்றுதான் இருக்கிறது.

பழனிக்குப் போன் போட்டேன். ஒரு கையெழுத்து, அவ்வளவுதானே?

"நான் போட மாட்டேங்க்கா" என்று வைத்துவிட்டார்.

வளர்மதி முகம் சுண்டிப்போனது. "தெரியும்டி. அவங்க அண்ணன் இருந்த எடத்துல இன்னொருத்தர் வர்றது அவருக்குப் புடிக்கல. பழனி சம்மதிக்காம நான் மணையில உட்கார மாட்டேன். எம் பொண்ணு காலேஜ் முடிக்கிற வரைக்கும் அவளைத் தூக்கிச் சுமந்தவரு அவரு."

சர்டிபிகேட் போய், இப்போது கல்யாணமே போகிற மாதிரி ஆகிவிட்டது. எனக்கு வந்ததே கோபம்! அடுத்த ஞாயிற்றுக்கிழமை வளர்மதியை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு நேரே பழனியின் கொல்லைக்குப் போனேன். மனிதர் வேர்க்கடலை பிடுங்கிக்கொண்டிருந்தார். வரப்பில் நின்றபடியே பிடித்துக்கொண்டேன்.

"ஏன் பழனி, பொம்பளைன்னா ஆயுசுக்கும் ஒண்டியாவே கிடக்கணுமா? உங்களுக்கு இஷ்டம் இல்லன்னா நேரா சொல்லுங்க. கையெழுத்த எதுக்குப் புடிச்சி வெச்சிக்கினு இருக்கீங்க?"

பழனி செடியோடு நிமிர்ந்தார். "இன்னாக்கா பேசறீங்க? அண்ணி கல்யாணத்துக்கு சட்டை தைக்கக் குடுத்துட்டேன். கையெழுத்து வேற கதை."

"என்ன கதை?"

மனிதர் வளர்மதியைப் பார்த்தார். மண்ணைப் பார்த்தார். பிறகு கடகடவென்று கொட்டிவிட்டார்.

"அண்ணன் வீட்ல சாகல அண்ணி. வழியிலயே போயிட்டாரு. வெளியில உயிர் போனா ஊருக்குள்ள கொண்டாரக் கூடாதுன்னு பெரியவங்க தடுத்துடுவாங்க. பொறந்த வீட்டு வாசலைப் பார்க்காம அவரைச் சுடுகாட்டுக்குக் கொண்டு போகச் சொல்றீங்களா? அதான் தோள்ல சாச்சிக்கினே வந்து, 'அண்ணி, பால் கொண்டாங்க'ன்னு கத்துனேன். நீங்க ஊத்துனீங்க. உங்க கையால குடிச்சிட்டுப் போனாருன்னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கினு இருந்தீங்க. அத எப்படி இல்லைன்னு சொல்றது? வாயால சொன்னேன், சரி. கவர்மென்ட்டு பேப்பர்ல பொய் எழுத எனக்குக் கை வரல."

எங்கள் பக்கத்தில் இந்த வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். உயிர் வீட்டில்தான் போக வேண்டும். அதற்காக எத்தனை பேரை மூச்சு நின்ற பிறகும் 'இன்னும் இருக்கு, இன்னும் இருக்கு' என்று சொல்லிக்கொண்டே வாசல் வரை கொண்டுவந்திருப்போம்! ஊரில் பாதிப் பேர் பத்திரிகைப்படி வீட்டில் இறந்தவர்கள்.

நான் வளர்மதியைப் பிடித்துக்கொள்ளத் தயாரானேன். மயக்கம் போட்டு விழுவாள் என்று நினைத்தேன்.

அவளோ, "எனக்கு அப்பவே தெரியும் பழனி" என்றாள்.

பழனி கையிலிருந்த செடி விழுந்துவிட்டது.

"இருபது வருஷம் புடிச்ச கை... சில்லுன்னு இருந்தா எனக்குத் தெரியாதா? ஊத்துன பால் அப்படியே வழியுது. நான் வாய் தொறந்தா உள்ளே விட மாட்டாங்கன்னு முந்தானையால தொடச்சிட்டு, 'குடிச்சிட்டாரு'ன்னு நான்தான் மொதல்ல அழுதேன். நீங்க எனக்காக மறைக்கிறீங்கன்னு எனக்குத் தெரியும். நான் உங்களுக்காக மறைச்சேன்."

ஒன்பது வருடம்! இருவரும் ஒரே பொய்யை, ஒருவருக்காக ஒருவர், அவ்வளவு பத்திரமாகப் பாதுகாத்திருக்கிறார்கள். திட்டுவதற்காகப் போன நான் வரப்பில் உட்கார்ந்து அழுதேன்.

வளர்மதிதான் முதலில் தேறினாள். "ஒண்ணே ஒண்ணு மட்டும் கேட்க பயந்துக்கினு இருந்தேன். எங்க போச்சு உயிரு? ரொம்பக் கஷ்டப்பட்டாரா?"

பழனி சிரித்தார். நிஜமாகவே சிரித்தார்.

"கஷ்டமா? வேன்ல ஏறுனதும் 'மலையை ஒரு சுத்து சுத்திட்டுப் போலாம்டா'ன்னாரு. ஆஸ்பத்திரியில எத்தனை நாளா சுவத்தையே பார்த்துக்கினு இருந்த மனுஷன்... சரின்னு கிரிவலப் பாதையில உட்டோம். அடி அண்ணாமலை வந்ததும் நிறுத்தச் சொன்னாரு. ஒரு டீ வேணும்னாரு. அப்புறம்... அண்ணி, திட்டக் கூடாது."

"சொல்லுங்க."

"சக்கரை ஜாஸ்தி போடச் சொன்னாரு."

வளர்மதி வாயைப் பொத்திக்கொண்டாள். ஏழுமலைக்கு சர்க்கரை என்று தெரிந்த நாளிலிருந்து அந்த வீட்டில் சர்க்கரை டப்பாவைப் பீரோவில் வைத்துப் பூட்டியவள் அவள். பொங்கலன்று கூட அவருக்கு வெண்பொங்கல்தான்.

மரணத்தை எங்கே பதிவு செய்வது? பலருக்கும் இது தெரியாது. சொந்த ஊரில் அல்ல, அடக்கம் செய்த ஊரிலும் அல்ல. உயிர் எந்த ஊரில் பிரிந்ததோ அந்த ஊரில்! நாங்கள் தப்பான ஊரில் தேடிக்கொண்டிருந்திருக்கிறோம். பழனி கைகால் கழுவிக்கொண்டு பைக்கை எடுத்தார், நாங்கள் ஸ்கூட்டரில் பின்னாலேயே. வந்து நின்ற இடம் அடி அண்ணாமலையில் மலையைப் பார்த்த மாதிரி ஒரு டீக்கடை.

கடை நடத்தும் அம்மாவுக்குப் பழனியைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. வடிகட்டியைக் கீழே வைத்தார்.

"வேன்ல வந்தவருதானே? எப்படிமா மறக்கும்? மூணு வாய் குடிச்சாரு. 'இதான்டா டீ'ன்னாரு. மலையப் பார்த்துக்கினே இருந்தாரு, தலை சாஞ்சிடுச்சு. அண்ணாமலையாரே கூட்டிக்கினாருன்னு கடையில விளக்கு ஏத்தி வெச்சேன்." பிறகு குரல் இறங்கியது. "அவருக்கு சக்கரை வியாதின்னு அப்புறம்தான் இந்தத் தம்பி சொல்லிச்சு. நான் போட்ட சக்கரையாலதான் உயிர் போச்சாம்மா? இத்தினி வருஷமா மனசுல உறுத்திக்கினே இருக்குது."

வளர்மதி அந்த அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "உங்களால உயிர் போகலமா. டாக்டருங்க அன்னிக்கே கைய விரிச்சிட்டாங்க. நான் குடுக்காதத நீங்க குடுத்து அனுப்பியிருக்கீங்க. நல்லா இருப்பீங்க." சொல்லிவிட்டு அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள். "பாவி மனுஷன்! கடைசில என்னை ஏமாத்திட்டுத்தான் போயிருக்காரு!" அந்தச் சிரிப்பில் அவள் மேல் ஒன்பது வருடமாக இருந்த ஏதோ ஒன்று இறங்கிப் போனதை நான் பார்த்தேன்.

பிறகு எல்லாம் ஒழுங்காக நடந்தது. ஒழுங்காக என்றால், அரசாங்க ஒழுங்கு. இங்கேயும் பதிவில்லை என்று ஒரு சான்று, பழனியின் வாக்குமூலம், டீக்கடை அம்மாவின் சாட்சி. விசாரணையில், "நீங்க இறந்தவருக்கு என்ன உறவு?" என்று கேட்டார்களாம். "டீ குடுத்தவங்க" என்றாராம் அந்த அம்மா. கருமாதிப் பத்திரிகையையும் இணைத்தோம். தேதிக்கு அது உதவியது... இடத்துக்குத்தான் உதவவில்லை! ஆர்டர் வந்தது. வி.ஏ.ஓ. பதிவு செய்தார். கடைசியில் கையில் சான்றிதழ். இறந்த இடம்: அடி அண்ணாமலை.

வளர்மதிக்கு அதில் அப்படி ஒரு பெருமை. கல்யாணப் பத்திரிகை கொடுக்கப் போன வீட்டிலெல்லாம் முதலில் அதைத்தான் எடுத்துக் காட்டினாள். "மலையப் பார்த்துக்கினே போயிருக்காரு. கவர்மென்ட்டே எழுதிக் குடுத்துடுச்சு!" மூர்த்தி சார் கொஞ்சமும் முகம் சுளிக்கவில்லை. "குடும்மா, அதையும் லேமினேட் பண்ணிட்றேன்" என்று வாங்கிக்கொண்டு போனார். அந்த நிமிடம் எனக்கு அந்த மனிதரைப் பிடித்துவிட்டது.

போன வெள்ளிக்கிழமை கல்யாணம். மகள் பெங்களூரிலிருந்து வந்து அம்மாவுக்குப் பூ வைத்துவிட்டாள். மணையில் உட்கார வைத்தது நான்தான், வாக்குத் தவறவில்லை. பதிவு அலுவலகத்தில் சாட்சிக் கையெழுத்து யார் போடுவது என்று கேட்கும் முன்பே பழனி புதுச் சட்டையில் பேனாவோடு வந்து நின்றார். அண்ணன் இறந்ததற்கும் அவர்தான் சாட்சி, அண்ணி வாழப் போவதற்கும் அவர்தான் சாட்சி. இந்த முறை கை தாராளமாக வந்தது.

வெளியே வந்ததும் எல்லோருக்கும் டீ. அடி அண்ணாமலை அம்மா பெரிய பிளாஸ்கோடு வந்திருந்தார். மூர்த்தி சார் தயங்கித் தயங்கி, "எனக்கு சக்கரை கம்மியா..." என்று ஆரம்பித்தார். அவருக்கும் சுகர் உண்டு என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

வளர்மதி ஒரு நொடி அவரைப் பார்த்தாள். டம்ளரை வாங்கினாள். ஒரு ஸ்பூன் சர்க்கரையைப் போட்டு, அவளே கலக்கி, அவர் கையில் கொடுத்தாள்.

"இன்னிக்கு மட்டும். நாளையிலேர்ந்து டப்பா பீரோல."

ஆகவே வாசகர்களே, போனவர்களுக்கு இருபத்தோரு நாளைக்குள் சான்றிதழ் வாங்கிவிடுங்கள். இருப்பவர்களுக்கு, எப்போதாவது ஒரு நாள் சர்க்கரை ஜாஸ்தியாக ஒரு டீ கொடுங்கள்... டாக்டர் வாசகர்கள் எனக்குக் கடிதம் எழுத வேண்டாம்!