மூன்று முறை சுற்றிய நாடா

நான் ஆசையாக நினைத்துப் பார்க்கிற நாட்களும், நினைக்கவே கூசுகிற காரியமும் ஒரே அறையில் நடந்தவை. அதனால் ஒன்றை நினைத்தால் மற்றது கூடவே வந்துவிடுகிறது.

செஞ்சி கடைத்தெருவில் ஓர் உரக்கடையின் மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. சுற்றியுள்ள ஊர்களில் நாற்பத்திரண்டு கிணறுகளைத் தேர்ந்தெடுத்து, மாதந்தோறும் தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று அளந்து பதிவு செய்வதுதான் வேலை. விழுப்புரத்திலிருந்து அதிகாரி மாதம் இரண்டு முறை வருவார். மற்ற நாட்களில் நாங்கள் இரண்டே பேர். கணினியில் நான். கிணற்றடியில் அந்த அம்மா.

அவரை ஊர்களில் அளவுக்காரம்மா என்பார்கள். பனமலைக்காரர். என்னைவிடப் பத்து வயது இளையவர். ஈயக்குண்டு கட்டிய அளவு டேப்பைச் சைக்கிள் கூடையில் போட்டுக்கொண்டு வல்லம் பக்கம், மண்டகப்பட்டு பக்கம், பனமலைப் பக்கம் என்று சுற்றுவார். தூரமாக இருந்தால் சைக்கிளை பஸ்ஸின் மேலே ஏற்றிவிடுவார். அளந்ததை நீள நோட்டில் எழுதி வெள்ளிக்கிழமை மதியம் கொண்டுவருவார். நோட்டைப் பார்த்து நான் கணினியில் ஏற்றுவேன். கீழே உரக்கடைக்காரர் எங்களைக் கேலி செய்வார்: “மேல ரெண்டு பேரு, ரெண்டு பேருக்கும் டேப்புதான் பொழப்பு.”

என்னுடைய டேப் காந்த நாடா. உள்ளங்கையில் அடங்குகிற ஒரு பெட்டிக்குள் சுற்றியிருக்கும். கணினி கெட்டுப்போனாலும் கணக்கு கெடாமல் இருக்க, வாரம் ஒரு முறை எல்லாக் கோப்புகளையும் அதில் நகல் எடுக்க வேண்டும். அந்தக் கணினியில் படங்கள் கிடையாது. கறுப்புத் திரையில் பச்சை எழுத்துகள். ‘டார்’ என்று தொடங்கும் ஒரே வரியை அடித்து, எந்தக் கோப்புகள், எந்த நாடாக் கருவி என்று சொல்லிவிட்டால் போதும். நாடா ஓடத் தொடங்கும். ஏர் ஓட்டுகிறவர் வரப்பில் திரும்புவதைப் போல ஒரு கோடிவரை ஓடி, நின்று, மறு கோடிக்குத் திரும்பும். நகலாகும் ஒவ்வொரு கோப்பின் பெயரும் திரையில் மேலேறிப் போகும். கோப்புகளுக்குக் கிணறு இருக்கும் ஊரின் பெயரையே வைத்திருந்தேன்.

அதைப் பார்ப்பதற்காகவே அந்த அம்மா உட்கார்ந்திருப்பார். தாளில் மடித்த வேகவைத்த வேர்க்கடலை, எங்கள் பக்கத்துப் பேச்சில் மல்லாட்டை, இருவருக்கும் நடுவில் இருக்கும்.

“வல்லம் ஓடுது பாரு சார். இன்னா வேகமா ஓடுது. நான் அங்க போய்ச் சேர அரை நாள் ஆவுது.”

“சைக்கிளையும் இதற்குள் ஏற்றிவிடலாமா அம்மா?”

“ஏத்துங்க, முட்டி வலியாவது கொறையும்.”

கடைசியில் நாடா சர்ரென்று தொடக்கத்துக்கு வேகமாகச் சுற்றிக்கொள்ளும். அந்தச் சத்தம் கேட்டதும் அவர் எழுந்து பையை மாட்டுவார். வாரம் முடிந்தது என்று பொருள். அந்த வெள்ளிக்கிழமைகளைப் போல நிம்மதியான மதியங்கள் எனக்குப் பிறகு வாய்க்கவில்லை.

கோப்புகள் பெருகியபோது ஒரே தொகுப்பாக இருந்ததை வல்லம், மண்டகப்பட்டு, பனமலை என்று மூன்றாகப் பிரித்தேன். ஒரே நாடாவில் மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாக எழுத வேண்டும். அங்கேதான் பிழை செய்தேன். அந்தக் கருவியைக் கணினியில் இரண்டு பெயர்களால் அழைக்கலாம். ஒரு பெயரில் அழைத்தால் எழுதி முடித்ததும் நாடா தொடக்கத்துக்குச் சுற்றிக்கொள்ளும். இன்னொன்றில் அழைத்தால் நின்ற இடத்திலேயே நிற்கும். அடுத்த தொகுப்பு அதற்குப் பின்னால் எழுதப்படும். நான் பழக்கத்தில் முதல் பெயரையே மூன்று முறையும் அடித்தேன். வல்லத்தின் மேல் மண்டகப்பட்டு எழுதப்பட்டது. மண்டகப்பட்டின் மேல் பனமலை எழுதப்பட்டது. ஒரு முறை மட்டும் கேட்டிருக்க வேண்டிய சர்ரென்ற சத்தத்தை வாரந்தோறும் மூன்று முறை கேட்டோம். பெயர்கள் எல்லாம் திரையில் ஓடியதால் எல்லாம் நாடாவுக்குள் இருப்பதாக நம்பினேன்.

மாற்றி மாற்றிப் பயன்படுத்த நான்கு நாடாக்கள் இருந்தன. நான்கிலும் இதையேதான் செய்தேன். ஆயுத பூஜைக்கு நான்கையும் வாழையிலையில் அடுக்கிச் சந்தனம் குங்குமம் வைத்தேன். எழுதியது இருக்கிறதா என்று ஒரு நாள்கூடத் திரும்பப் படித்துப் பார்க்கவில்லை. அதற்கும் ஒரு வரிக் கட்டளைதான். ஐந்து நிமிஷ வேலை.

இதற்குள் அலமாரியில் பழைய நோட்டுகளைக் கரையான் பிடித்தது. எடைக்குப் போட்டுவிடச் சொன்னேன்.

“இருக்கட்டும் சார், ஒரு மூலையில. என் கையெழுத்து அது.”

“எல்லாம் நாடாவில் இருக்கிறதம்மா. அங்கே கரையான் வராது.”

போட்டுவிட்டார். அதன்பிறகு ஏற்றி முடித்த நோட்டுகளும் எடைக்கே போயின. சில நாள் கழித்து மல்லாட்டைப் பொட்டலத்தைப் பிரித்தவர் தாளில் தன் கையெழுத்தைப் பார்த்துச் சிரித்தார். “பாருங்க சார், மண்டகப்பட்டு கெணறு. மல்லாட்டைய அளந்து வச்சிருக்கேன்.” நானும் சிரித்தேன்.

அடுத்த கோடையில் இடிமழையோடு கரண்ட் போய்ப் போய் வந்தது. கணினிக்குள் கோப்புகள் இருந்த வட்டு எரிந்துவிட்டது. புது வட்டைப் போட்டு, நாடாவிலிருந்து கோப்புகளைத் திரும்ப எடுக்கக் கட்டளை அடித்தேன். பனமலைக் கிணறுகள் வந்தன. அதோடு நின்றது. அடுத்த நாடாவிலும் பனமலைதான். மூன்றாவதைப் போடும்போதே என்ன நடந்திருக்கிறது என்று எனக்குப் புரிந்துவிட்டது. நான்காவதையும் போட்டுப் பார்த்தேன்.

வல்லமும் மண்டகப்பட்டும் எங்கே என்று அதிகாரி வந்து கேட்டபோது அந்த அம்மா வாசலருகே நின்றிருந்தார். அப்போது நான் சொன்ன வாக்கியத்தை மாற்றாமல் எழுதுகிறேன்: “வந்த நோட்டைத்தான் சார் நான் ஏற்ற முடியும்.”

அதிகாரி அவர் பக்கம் திரும்பினார். “மற்ற ரெண்டு பக்கத்து நோட்டு எங்கேம்மா?”

அவர் என்னைப் பார்த்தார். நான் சொல்வேன் என்று காத்திருந்தார். நான் விசைப்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். “நாடாவுல இருக்குதுன்னு சொன்னீங்களே சார்” என்றார். கோபமே இல்லாத குரல். அந்த மாதக் கடைசியோடு அவருடைய வேலை போயிற்று. எனக்கு ஓய்வு பெறும்வரை வேலை இருந்தது.

போன மாதம் பனமலைக்குப் போனேன். ஏரிக்குப் பக்கத்துத் தெருவில் வாசலில் உட்கார்ந்து மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தார்.

“வாங்க சார். இன்னா, தல ஃபுல்லா வெளுத்துடுச்சு?”

உட்கார்ந்து, தொலைத்தது நான்தான் என்றும் அன்று அதைச் சொல்லாமல் விட்டேன் என்றும் சொன்னேன். உடைப்பதை அவர் நிறுத்தவில்லை.

“நீங்க சொல்லாம வுட்டது தெரிஞ்சதுதானே சார். எப்டிப் போச்சுன்றதுதான் இந்நாள் வரைக்கும் புரியல. அத்தச் சொல்லுங்க.”

நாடா சுற்றிக்கொண்டதை விளக்கினேன்.

“சர்ருன்னு ஒரு சத்தம் வருமே, அதா?”

“அதுதான் அம்மா.”

கை நின்றது. “எனக்கு அந்தச் சத்தம் புடிக்கும் சார்.”

அடுத்த மல்லாட்டையை எடுத்து உடைத்துக்கொண்டே சொன்னார்: “கெணத்துப் பக்கமே போவாம ஏரிக்கரையில ஒக்காந்துகினு மனசுக்கு வந்தத எழுதினவ நான்னு ஊர்ல பேரு. எம் மருமவகூட, சண்டைன்னா, அத்தத்தான் எடுக்கறா. எழுதிக் குடுங்க.”

“யாருக்கு எழுதட்டும்? அதிகாரி போய்ச் சேர்ந்துவிட்டார். அலுவலகமும் இல்லை.”

“யாருக்கோ. படிக்கத் தெரிஞ்சவங்களுக்கு.”

அதனால்தான் இதை எழுதுகிறேன். கிணறுகளை அவர் அளந்தார். ஒவ்வொரு மாதமும், ஒவ்வொரு கிணற்றையும் அளந்தார். தொலைத்தவன் நான். பழியை அவர்மேல் போட்டவனும் நான்.

எழுதி முடித்து இரண்டு நகல் எடுத்துக்கொண்டு மறுபடியும் பனமலைக்குப் போனேன். ஒன்றை நீட்டினேன். வாங்கிக்கொள்ளவில்லை.

“மொதல்ல படிங்க.”

வாசலிலேயே சத்தமாகப் படித்தேன். மருமகள் உள்ளேயிருந்து வந்து கதவில் சாய்ந்து நின்றாள். இரண்டாவது பத்தியிலேயே அந்த அம்மா கையைத் தூக்கி நிறுத்தினார்.

“நாப்பத்தொண்ணு இல்ல சார், நாப்பத்தி ரெண்டு. மண்டகப்பட்டுல கொகக்கோயிலுக்குப் போற வழியில ஒண்ணு இருக்குதே, அத்த வுட்டுட்டீங்க.”

இரண்டு நகலிலும் நாற்பத்தொன்றை நாற்பத்திரண்டாகத் திருத்தினேன். பிறகு முதலிலிருந்து மறுபடியும் படித்தேன்.