இடமுறுக்கு நூல்

பேய், தெய்வம், சகுனம், சாபம் ஆகிய நான்கையும் ஒரே மூச்சில் மறுத்துப் பேசி, கல்லூரி மேடைகளிலிருந்து கோப்பைகளை வாரிக்கொண்டு வந்தவன் நான். எனக்கு ஒதுக்கப்பட்ட ஐந்து நிமிடத்தில் எதிரணித் தலைவரை நாற்காலியில் நெளிய வைப்பது என் வழக்கம். ஆகவே இதைப் படித்துவிட்டு, 'ஐரோப்பியக் குளிர் மூளையைத் தாக்கியிருக்கும்' என்று நீங்கள் சொல்லப்போவது எனக்குத் தெரியும்; உங்கள் இடத்தில் நான் இருந்தால் இதைவிடக் கூர்மையாகவே சொல்லியிருப்பேன். சொல்லிக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் நடந்ததை நடக்கவில்லை என்று நிறுவும் அளவுக்கு எனக்கே இன்னும் வாதத்திறமை வாய்க்கவில்லை.

அறுபதுகளின் இறுதி. நூற்பாலைத் தொழில் கற்க என்னையும் திண்டுக்கல்லைச் சேர்ந்த அருளப்பனையும் மேற்கு ஜெர்மனிக்கு அனுப்பியிருந்தார்கள். மைஸ்னர் என்ற மலையின் அடிவாரத்தில் ஒரு சிற்றூர். அதில் பழைய ஆலை ஒன்றை ஒட்டிய பயிற்சிப் பள்ளி. ஓராண்டின் முடிவில் ஒவ்வொரு மாணவனும் தன் கையால் நூற்று, பன்னிரண்டு பாபின் கட்டைகள் நிறையச் சுற்றிய நூலை ஒப்படைக்க வேண்டும். தேறினால் சான்றிதழ், தேறாவிட்டால் வெறுங்கை. சான்றிதழோடு திரும்பினால் கோவையில் ஸ்பின்னிங் மாஸ்டர் நாற்காலி எனக்குக் காத்திருந்தது. அது இல்லாமல் திரும்பினால், என்னிடம் மேடையில் தோற்றவர்கள் அனைவரும் ரயிலடியில் காத்திருப்பார்கள். அருளப்பன் நவம்பரிலேயே ஒப்படைத்துவிட்டான். நானோ ஃபிராங்க்ஃபர்ட்டில் ஒரு கூட்டம், கேசலில் ஒரு கூட்டம் என்று இந்திய மாணவர்களிடையே முழங்கித் திரிந்துவிட்டு அவசரத்தில் நூற்றுக் கொடுத்தேன். இழை சீராக இல்லை என்று ஏற்க மறுத்துவிட்டார்கள். கிறிஸ்துமஸ் விடுமுறை முடிந்து, ஜனவரி ஆறாம் தேதி வரும் மூவரசர் திருநாளுக்கு மறுநாள் காலை, புதிய பன்னிரண்டு பாபின்கள் மேசைமேல் இருக்க வேண்டும். இதுதான் எனக்குக் கிடைத்த கடைசி வாய்ப்பு.

நாங்கள் குடியிருந்தது திருமதி வீகாண்ட் என்ற கைம்பெண்ணின் வீட்டு மாடி அறையில். எங்களை அவருக்குப் பிடிக்காது. எங்களுக்கும் அவரைப் பிடிக்காது. இடுப்பில் சாவிக்கொத்தோடு படியேறி வந்து, கதவைத் தட்டாமல் உள்ளே நுழைவார். சமையலறைச் சுவரில் சீருடையணிந்த ஓர் இளைஞனின் புகைப்படம். அவருடைய ஒரே மகன். போரில் கிழக்கே போனவன், இறந்ததாகத் தாளும் வரவில்லை, ஆளும் வரவில்லை. ஆகவே அந்தப் படத்துக்கு அவர் கறுப்பு நாடா கட்டவில்லை. இது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் அன்று பேசினேன் என்பதையும் இங்கேயே ஒப்புக்கொள்கிறேன்.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள், அருளப்பன் பூசைக்குப் போட்டுப்போன சட்டையைத் துவைத்து, அறைக்குக் குறுக்கே கயிறு கட்டிக் காயப்போட்டான். வீட்டு அம்மையார் கத்தரிக்கோலோடு வந்து கயிற்றை வெட்டினார். ஈரச்சட்டை தரையில் விழுந்தது.

"இந்தப் பன்னிரண்டு நாளும் என் வீட்டில் துவைப்பு இல்லை, கொடிக்கயிறு இல்லை, சுற்றுகிற சக்கரம் எதுவும் இல்லை. இவை அவள் ஊர்சுற்றும் நாள்கள்" என்றார் ஜெர்மனில்.

"எவள்?" என்றேன்.

"எங்கள் மலைக்காரி. ஹொல்லே. நூற்பவர்களுக்கெல்லாம் தாய். என் கணவர் அவளைப் பழைய பெயரில் ஃபிரிக் என்பார்."

அவருடைய கணவர் பள்ளி ஆசிரியராக இருந்தவராம். மதியக் காபி வேளையில் அவருடைய புத்தகம் ஒன்றை எடுத்துக் காட்டினார்: வடநாட்டுத் தெய்வங்களின் தாய், ஒரு கையில் நூற்புக்கோல், இடுப்பில் சாவிகள், தோளில் பருந்திறகுப் போர்வை. எல்லோருடைய விதியும் அவளுக்குத் தெரியுமாம், எவரிடமும் சொல்லமாட்டாளாம். இந்த நாள்களில் எவளாவது நூற்றால், சன்னல் வழியே நூல் சுற்றும் பன்னிரண்டு வெற்றுக் கதிர்களை எறிந்து, 'திரும்பி வருவதற்குள் நிரப்பு' என்பாளாம்.

மறுநாள் ஆலைக்குப் போய் நூற்கப்போகிறேன் என்று காலையில்தான் சொல்லியிருந்தேன். அதற்கான பதிலாகவே இந்தக் கதை எனக்குப் பரிமாறப்பட்டது என்று புரிந்தது. எழுந்து நின்றேன். எனக்கு நின்றால்தான் பேச்சு வரும்.

"உங்கள் புத்தகத்திலேயே இருக்கிறது, இவள் தன் மகன் சாகப்போவதாகக் கனவு கண்டாள். 'இவனுக்குத் தீங்கு செய்யமாட்டோம்' என்று இரும்பிடம் சத்தியம் வாங்கினாள், நெருப்பிடம் வாங்கினாள், நோயிடமும் நஞ்சிடமும் வாங்கினாள். மரத்தில் ஒட்டிக்கிடந்த புல்லுருவியிடம் மட்டும் வாங்க மறந்தாள்! அந்தப் புல்லுருவியை எறிந்தே அவனைக் கொன்றார்கள். எல்லா அறைக்கும் சாவி வைத்திருக்கிறாள், எல்லோருக்கும் விதி நூற்கிறாள், பெற்ற பிள்ளை ஒருவனைக் காக்க அவளுக்குத் துப்பில்லை. இவளுக்குப் பயந்தா நான் இயந்திரத்தை நிறுத்த வேண்டும்?"

அம்மையார் என்னைப் பார்க்கவில்லை. கோப்பையை நகர்த்தி வைத்தார்.

"கதையைப் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். மகனைத் திருப்பித் தரக் கீழுலகம் சம்மதித்தது. உலகத்தில் உள்ளதெல்லாம் அவனுக்காக அழ வேண்டும், அவ்வளவுதான். கல் அழுதது. இரும்பு அழுதது. குகையில் இருந்த ஒருத்தி மட்டும் மறுத்தாள். அவளும் உங்களைப் போலவே நன்றாகப் பேசினாள்."

மாடிப்படியில் அருளப்பன் என் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

"ஏன்டா மாப்ளே, அந்தம்மா பையன் போட்டோவுக்குக் கீழ நின்னுகிட்டா இதைப் பேசுவே?"

"வாதம்னா வாதம்தான்டா."

"என்ன வாதம்? எதிரணி எங்க இருந்துச்சு? தனியா நின்னு கத்திட்டு கோப்பை வேற வேணுமா உனக்கு?"

"போடா, நீயும் உன் ஜெபமாலையும்."

மறுநாள் காலை, சோதனைக்கூடத்தின் சாவியை மைஸ்டரிடம் வாங்கப் போனேன். பயிற்சிக்கும் தேர்வுக்கும் அவரே தலைவர். ஆலை முழுவதும் கிறிஸ்துமஸுக்கு முன்பே கதிர்களைக் காலிசெய்து, ஓர் இழைகூடத் தொங்காமல் துடைத்துவிடுவது அந்த ஊர் வழக்கம். சாவியை அவர் என் கையில் தரவில்லை, மேசையில் எறிந்தார்.

"முப்பது வருஷத்தில் இந்த நாள்களில் ஒருவனும் இதைக் கேட்டதில்லை."

"கேட்பதற்கும் துணிவு வேண்டுமல்லவா, மைஸ்டர்?" என்றேன்.

சோதனைக்கூடத்தில் சிறிய நூற்பு இயந்திரம் ஒன்று. முன்பக்கம் பன்னிரண்டு கதிர், பின்பக்கம் பன்னிரண்டு கதிர், நடுவே ஆளுயரச் சட்டம். ஒரு பக்கம் நிற்பவன் மறுபக்கத்தைப் பார்க்க முடியாது. எனக்குத் தேவை பன்னிரண்டே; முன்பக்கத்தில் மட்டும் பஞ்சுத்திரியை ஏற்றி, இயந்திரத்தை ஓட்டினேன். வெளியே வெள்ளை வெயில், சன்னலெல்லாம் பனியின் கூசும் வெளிச்சம். இருட்டும் இல்லை, நிழலும் இல்லை, இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஐந்து நிமிடம் ஓடியது. பிறகு பன்னிரண்டு இழைகளும் ஒரே கணத்தில் அறுந்தன. ஓர் இழை அறுவது அன்றாடம். இரண்டு அறுந்தால் ஈரப்பதம் என்போம். பன்னிரண்டும் சேர்ந்து அறுந்ததை நான் கேட்டதும் இல்லை, கண்டதும் இல்லை. ஒவ்வொன்றாக ஒட்டினேன், மறுபடி ஒரே கணத்தில் அறுந்தன. வேகத்தைக் குறைத்தேன், திரியை மாற்றினேன், தரையில் தண்ணீர் தெளித்தேன், மதியம் கடந்து மூன்று மணி ஆயிற்று, விரல்நுனி கன்றிப்போயிற்று, ஒரு பாபினும் நிறையவில்லை.

அப்போதுதான் அந்த ஓசை. வெறுங்கதிர் சுழன்றால் ஒரு சீழ்க்கை. நூல் ஏறிய கதிர் சுழன்றால் அடங்கிய முனகல். ஆலையில் ஒரு மாதம் நின்ற எவனும் கண்ணை மூடிக்கொண்டே பிரித்துச் சொல்வான். மறுபக்கத்திலிருந்து முனகல் கேட்டது.

அருளப்பனின் குறும்பு என்று எண்ணி, இயந்திரத்தைச் சுற்றிக்கொண்டு போனேன். எவரும் இல்லை. பன்னிரண்டு கதிரும் சுழன்றுகொண்டிருந்தன, பன்னிரண்டு பாபினும் ஏறத்தாழ நிறைந்திருந்தன, மேலே திரியோ பஞ்சோ ஒரு துளியும் இல்லை. தரையில் படிந்த பஞ்சுத்தூசியில், நீண்ட பாவாடை ஒன்று இழுபட்டுப் போனதுபோல இந்த முனையிலிருந்து அந்த முனைவரை துடைத்த தடம். காலடி ஒன்றும் இல்லை. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கடைசிக் கதிரின் இழை அறுந்து தொங்கியது. பிறகு அது தானாக எழுந்தது, எச்சில் தொட்ட விரல் பட்டதுபோல நுனி பளபளத்தது, ஒட்டிக்கொண்டது.

"யாரது?" என்றேன் தமிழில். பிறகு ஜெர்மனில். அதன்பின் நான் என்ன பேசினேன் என்று எனக்கே முழுமையாக நினைவில்லை; பேசினேன், சவால் விட்டேன், காரணகாரியம் கேட்டேன், குரலை உயர்த்தினேன், மேடையில் என்னைக் கைவிடாத சொற்களையெல்லாம் அந்த வெற்றிடத்தை நோக்கி எறிந்தேன். பதில் வரவில்லை. மறுப்பவனை வென்றிருக்கிறேன், கேலி செய்பவனை வென்றிருக்கிறேன். முழுவதையும் கேட்டுக்கொண்டு மௌனமாக இருப்பவரை எப்படி வெல்வது என்று எனக்கு எவரும் கற்பிக்கவில்லை.

விசையை அணைத்தேன். முன்பக்கக் கதிர்கள் நின்றன. பின்பக்கம் நிற்கவில்லை. சற்று நேரம் கழித்து, வேலையை முடித்தவர் எழுந்து போவதுபோல, ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. கடைசிக் கதிர் மெல்ல அடங்கும்போது கண்டேன்: எங்கள் கதிர்கள் சுழலும் திசைக்கு நேர் எதிராக அது சுழன்றுகொண்டிருந்தது.

இனி நான் செய்ததை நீங்கள் செய்திருக்கமாட்டீர்கள் என்று நம்புகிறேன். ஓடவில்லை. பன்னிரண்டு பாபின்களையும் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன். 'விளக்கம் பிறகு கிடைக்கும். நூல் இப்போதே கிடைத்துவிட்டது' என்று எனக்கு நானே தர்க்கம் சொல்லிக்கொண்டேன்.

வீட்டில் அம்மையார் பையைத் திறக்கச் சொல்லவில்லை, அவரே திறந்தார். ஒரு பாபினில் கட்டைவிரலை வைத்துத் தேய்த்தார்.

"ஈரமாக இருக்கிறது. பெண்கள் உதட்டில் நனைத்து நூற்கும் நூல். இதை நூற்றது யார்?"

"நான்."

"இருட்டுவதற்குள் ஓடையில் போட்டுவிட்டு வாருங்கள்."

"என் சான்றிதழையா ஓடையில் போடச் சொல்கிறீர்கள்?"

"உங்கள்மேல் உள்ள அன்பினால் சொல்லவில்லை" என்றார். "என் வீட்டில் இது தங்க வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்."

அன்றே எங்கள் பெட்டிகள் வாசலுக்கு வந்தன. அருளப்பன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தான்.

மூவரசர் திருநாளுக்கு மறுநாள் காலை, மைஸ்டர் என் நூலைச் சோதித்தார். இழுவலிமை அவர் அதுவரை கண்டவற்றிலெல்லாம் மேலானது. பிறகு உருப்பெருக்கியில் பார்த்தவர் நிமிரவே இல்லை.

"இடமுறுக்கு" என்றார். "இந்த ஆலையில் எல்லா நூலும் வலமுறுக்கு. எப்படிச் செய்தாய்?"

உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் சான்றிதழ் போயிற்று. ஆகவே வாதாடினேன். பின்பக்கத்தில் நூற்றதாகவும், கதிர்களைச் சுழற்றும் நாடாக்களைக் குறுக்காக மாற்றிப் பூட்டித் திசையைத் திருப்பியதாகவும், அதனால் இழைக்கு விளையும் நன்மைகள் இன்னின்ன என்றும் முக்கால் மணி நேரம் பேசினேன். என் வாழ்நாளிலேயே மிகச் சிறந்த பேச்சு அதுதான். அவர் இடைமறிக்காமல் கேட்டார். பேனாவை எடுத்துக் கையெழுத்திட்டார்.

"தேர்வில் தவறினால் மாதிரியை இங்கேயே வைத்துக்கொள்ள வேண்டும், தேறினால் நீ எடுத்துப் போக வேண்டும். அதற்காகத்தான் தேறவிடுகிறேன்" என்றார். "பின்பக்க நாடாக்கள் தேய்ந்துபோய், டிசம்பர் தொடக்கத்திலேயே நான் கழற்றிவிட்டேன். பன்னிரண்டும் இந்த அலமாரியில் இருக்கின்றன. பார்க்கிறாயா?"

நான் பார்க்கவில்லை.

அந்தப் பள்ளியின் வழக்கப்படி, மாணவன் நூற்ற நூலில் ஒரு சாண் நீளத்தை வெட்டி, இரு நுனிகளையும் சான்றிதழின் அடியில் அரக்கு முத்திரையில் பதிப்பார்கள். இரண்டு முத்திரைகளுக்கும் நடுவே நூல் தளர்வாக, மாலைபோலத் தொங்கும். மற்ற நூலையெல்லாம் கப்பலில் வரும்போது கடலில் எறிந்தேன். இதை மட்டும் எறிய முடியாது. இது என் தகுதிச் சான்று.

நாற்காலி கிடைத்தது. முதலாளி அந்தச் சான்றிதழுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு, மில்லில் என் தலைக்கு மேலேயே மாட்டிவிட்டார். பார்க்க வருபவர்கள், 'நீங்களே நூற்றதா?' என்று கேட்பார்கள், 'ஆம்' என்பேன். சில ஆண்டுகள் சென்ற பிறகுதான் ஒன்றைக் கவனித்தேன். முத்திரைகள் உடையவில்லை, தாள் சுருங்கவில்லை, கண்ணாடியை எவரும் திறக்கவில்லை. நூலின் தொங்கல் மட்டும் குறைந்துகொண்டு வருகிறது. நூல் எவ்வளவு சுருங்கும் என்று அறிவது என் தொழில். இது அந்தச் சுருக்கம் அல்ல. தேதி போட்டு அளந்து பார்த்தேன். நான் 'ஆம்' என்று சொன்ன ஒவ்வொரு நாளுக்கும் மறுநாள், அது குறைந்திருக்கிறது.

அதன்பிறகு யார் கேட்டாலும் நான் பேச்சை மாற்றிவிடுகிறேன். மேடைகளையும் ஏறத்தாழ விட்டுவிட்டேன். சென்ற வாரம் முதலாளி வெளியூர் விருந்தினர் நால்வரை அழைத்து வந்து, சட்டத்தைச் சுட்டிக்காட்டி, "பாருங்க, நம்ம மாஸ்டர் அவரு கையாலயே நூத்ததுங்க!" என்றார். நால்வரும் என்னைப் பார்த்தார்கள். நான் வாய் திறக்கவில்லை, தலையையும் அசைக்கவில்லை; மறுக்கவும் இல்லை.

மறுநாள் காலை அளந்தேன். தொங்கல் இல்லை. இரண்டு முத்திரைகளுக்கும் நடுவே நூல் விறைத்து நிற்கிறது. இடப்பக்க முத்திரையில் மயிரிழை அளவுக்கு ஒரு விரிசல் விழுந்திருக்கிறது.