லோரிக் கையும் பின்காற்றும்

எழுபதுகளின் கடைசியில், மலேசியாவின் ஈப்போ விமானத் திடலின் ஓரத்தில் சிறு விமானம் ஓட்டப் பழக்கும் மன்றம் ஒன்றில் வேலை செய்தேன். விமானங்களைத் துடைப்பது, கயிற்றால் கட்டிப்போடுவது, ஒவ்வொரு ஓட்டத்தையும் மன்றத்தின் தினப்புத்தகத்தில் எழுதுவது என் வேலை. என் சொந்த நாட்குறிப்பில் நான் சொல்லப்போகும் ஞாயிற்றுக்கு நேரே, ‘பிற்பகல் 3.20. காற்று விட்டுவிட்டு’ என்றிருக்கிறது.

பக்கத்து ஊரான லகாட்டிலிருந்து லோரிக்காரர் ஒருவர் பழக வருவார். தோட்டத்தில் ரப்பர்ப்பால் ஏற்றும் லோரி ஓட்டியவர். தோட்டம் விற்கப்பட்டபின் சொந்தமாக லோரி வைத்திருந்தார். பயிற்சியாளர் கமுந்திங் ஊர்க்காரர், அவரைவிட வயதில் மிக இளையவர். வானத்தில் லோரிக்காரரிடம் அவர் குறை கண்டதில்லை. தரையில்தான் தொல்லை. தரையில் விமானத்தைத் திருப்புவது கால் பெடல். கையிலிருக்கும் சுக்கான் இறக்கைகளின் பின்விளிம்பிலுள்ள மடிப்புகளைத்தான் அசைக்கும். லோரிக்காரரின் கையோ, திரும்ப வேண்டிய பக்கமே சுக்கானை ஒடிக்கும். காற்றில்லாத நாளில் கெடுதலில்லை. நாங்கள் சிரிப்போம், அவரும் சிரிப்பார்.

அன்று அவர் தனியாகப் பறக்க வேண்டியது. வானம் கறுத்ததால் புறப்படாமலே திரும்பி வந்தார். காற்று அவருக்கு இடது பின்பக்கத்திலிருந்து அடித்தது. விமானக் கொட்டகைக்குத் திரும்ப வேண்டியதும் இடப்பக்கம். கை இடப்பக்கம் ஒடித்தது. இடது இறக்கையின் மடிப்பு மேலெழ, காற்று அதன் அடியில் புகுந்தது. இடது சக்கரம் தரையை விட்டது. நான் பின்பக்கமாக ஓடி, இறக்கையைத் தாங்கும் கம்பியைப் பிடித்துத் தொங்கினேன். சக்கரம் இறங்கியது. எஞ்சினை அவர் அணைத்துவிட்டார்.

பயிற்சியாளர் அலுவலகத்தில் தொலைபேசியில் இருந்ததால் பார்க்கவில்லை. இது தெரிந்தால் தனியாகப் பறக்கும் அனுமதி போய்விடும். அந்த அனுமதிக்காக ஞாயிறு பூசையையே விடுகிறார் என்று அவர் மனைவி பாதிரியாரிடம் முறையிட்டிருந்தார். தினப்புத்தகத்தில் குறிப்புக் கட்டத்தைக் காலியாக விட்டேன்.

லோரிக்காரர் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார். “எழுது தம்பி. நாளைக்கு இதே பிளேன்ல வேற ஒருத்தன் ஏறுவான். ரெக்க தூக்குனது அவனுக்குத் தெரியணும்லா.”

எழுதினேன். பயிற்சியாளர் இரண்டு முறை படித்தார். அனுமதியை நிறுத்தினார். ஆனால் வீட்டுக்குப் போகச் சொல்லவில்லை. விமானத்தை நான்கைந்து கயிறு போட்டுக் கட்டச் சொல்லிவிட்டு, “ஏறி உக்காருங்கண்ணே. இன்னைக்கு எங்கயும் போக வேணாம். காத்து எங்கேருந்து வருதுன்னு மட்டும் பாருங்க” என்றார்.

நான் வெளியே நின்று காற்று வரும் திசைக்குக் கை காட்டினேன். முன்னாலிருந்து வந்தால் சுக்கானைக் காற்றின் பக்கம் திருப்ப வேண்டும். பின்னாலிருந்து வந்தால் எதிர்ப்பக்கம் திருப்பி முன்னே தள்ள வேண்டும். மழை பிடித்து நான் நனைந்தேன். லோரிக்காரர் சன்னலைத் திறந்து, “ஏண்டா, டிக்கெட் எடுத்து அரைமணி ஆச்சு, பஸ் எப்ப கெளம்பும்?” என்றார்.

காற்றடித்த நாளெல்லாம் அப்படியே கட்டிப்போட்ட விமானத்தில் உட்கார்ந்தார். அடுத்த மாதம் பயிற்சியாளர் அருகிலிருக்க, அதே இடப்பக்கப் பின்காற்றில் கொட்டகைக்குத் திரும்பினார். கால் இடப்பக்கம் மிதித்தது. கை வலப்பக்கம் போயிருந்தது. சக்கரங்கள் தரையிலேயே இருந்தன.

இறங்கியதும் அவர் பழக்கத்தில் கயிற்றை எடுத்து விமானத்தைக் கட்டப் போனார். பயிற்சியாளர் தனியாகப் பறக்கும் அனுமதித் தாளில் கையெழுத்திட்டார்.