பத்து எண்ணும் வரை

கிட்ட வந்து உட்காருங்கள், செல்லங்களா. இன்னும் கொஞ்சம் நெருங்கி... ஆமாம், அப்படி. குளிருகிற கதை சொல்லப் போகிறேன். பக்கத்தில் ஆள் இருந்தால் உங்களுக்கும் நல்லது, எனக்கும் நல்லது.

இது நடந்தது. யாருக்கு நடந்ததோ, அந்தப் பெண்ணே என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். சொல்லி முடிக்கும்வரை அவள் கையை விடவில்லை. பேய் ராத்திரியில்தான் வரும் என்று யார் உங்களுக்குச் சொன்னார்களோ, தெரியாது. இது வந்தது பட்டப்பகலில். மதியம் இரண்டு மணி முப்பத்தெட்டு நிமிஷத்துக்கு.

அவளுடைய தாத்தா ஒரு குளிர்க்கிடங்கில் கதவுக்குப் பொறுப்பாக இருந்தவர். மீனும் இறைச்சியும் பட்டாணியும் பெட்டி பெட்டியாக உறைந்து கிடக்கும் இடம். 'ஐஸ் ரூம்' என்பார்கள். ஒரு ஜாண் கனத்துக்கு இரும்புக் கதவு. சாத்திவிட்டால், உள்ளே எவ்வளவு கத்தினாலும் வெளியே கேட்காது. அதனால் சாத்தும் முன் மூன்று தடவை "உள்ள ஆள் உண்டா?" என்று குரல் கொடுக்க வேண்டும். அது அங்கே சட்டம்.

தாத்தா அதோடு விடமாட்டார். மூன்றாவது குரலுக்குப் பிறகு வலது கையை நெஞ்சில் வைத்து, கண்ணை மூடி, ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணுவார். அப்புறம்தான் கதவு.

"என்ன பெரியவரே, சாமி வருதா?" என்று பெட்டி தூக்குகிறவர்கள் கிண்டல் பண்ணுவார்கள்.

"காதுக்கு மூணு தடவைய்யா. மனசுக்கு ஒரு தடவை. காது சட்டுனு ஏமாந்துடும்" என்பார்.

ஒரு தடவை எட்டு எண்ணும்போது கண்ணைத் திறந்து, விறுவிறுவென்று உள்ளே போனார். கடைசி அடுக்குக்குப் பின்னால் ஒருவன் வழுக்கி விழுந்து மண்டை அடிபட்டு மயங்கிக் கிடந்தான். எப்படித் தெரிந்தது என்று கேட்டார்கள். "நெஞ்சு கனத்துச்சு" என்றார். அவ்வளவுதான். அன்றிலிருந்து கிண்டல் பாதியாகக் குறைந்தது.

பிறகு ஒரு புது சூப்பர்வைசர் வந்தார். வாயைத் திறந்தால் "சீக்கிரம், சீக்கிரம்". ஒரு வாரத்தில் அவர் பெயரே 'சீக்கிரம்' ஆகிவிட்டது. பத்து எண்ணுகிற கிழவரைக் கண்டால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு மதியம், தாத்தா உள்ளே உடைந்த பெட்டி ஒன்றைச் சரி பண்ணிக்கொண்டிருந்தார். அன்றைக்குக் கதவைச் சாத்தியது அந்தச் 'சீக்கிரம்' சூப்பர்வைசர். உள்கைப்பிடி வேலை செய்யவில்லை. மாற்றச் சொல்லித் தாத்தா கேட்டுக்கொண்டே இருந்தார், யாரும் மாற்றவில்லை. திறந்தபோது இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது.

"மூணு தடவை கூப்பிட்டேன். பதிலே இல்ல" என்று தலையில் அடித்துச் சத்தியம் பண்ணினார் சூப்பர்வைசர். வயதான மனுஷர், இதயம் நின்றுவிட்டது என்று காகிதத்தில் எழுதி மூடினார்கள்.

அப்போது பேத்திக்குப் பதினாறு வயது. அந்தக் காகிதத்தைப் படித்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "நின்னுச்சா, நிறுத்தினாங்களா?"



படித்தாள், வளர்ந்தாள். எத்தனையோ வேலை கிடைத்தது. அத்தனையையும் விட்டு அதே கிடங்கில், அதே கதவுக்கு வந்து சேர்ந்தாள். தான் யார் என்று சொல்லவில்லை. இன்னும் அங்கேயே இருந்த சூப்பர்வைசரின் வாயால் ஒரு வார்த்தை கேட்க வேண்டும்... அன்றைக்குக் கூப்பிட்டாயா, இல்லையா? அதற்காக அவருக்கு வணக்கம் வைத்தாள், டீ கொண்டுபோய்க் கொடுத்தாள். பல்லைக் கடித்துக்கொண்டே சிரிக்க அவளிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும். ஆனால் அந்தப் பெரிய கதவைச் சாத்தும்போதெல்லாம் மனசுக்குள் ஒரு குரல் ஓடும். ஒரு நாள் உள்ளே நீ... வெளியே நான்...

அந்த நாள் வந்தது.

மதியம் 2.20. எல்லோரும் சாப்பிடக் கிளம்பினார்கள்.

"சீக்கிரம் எங்கக்கா?" என்று பேத்தி கேட்டாள்.

"யாருக்குத் தெரியும்? சீக்கிரமா போய்ச் சேர்ந்தா நல்லாருக்கும்" என்றாள் பெட்டி அடுக்குகிற அக்கா. சிரித்துக்கொண்டே போய்விட்டாள்.

2.33. பேத்தி ஐஸ் ரூமுக்கு முன்னால் இருக்கிற நடைக்கு வந்தாள். கதவு பாதி திறந்திருந்தது. வாசலில் பிளாஸ்டிக் பட்டைத் திரை தொங்கியது. வெளியே நல்ல வெயில். ஆனால் நடையில் நிற்கும்போதே அவள் மூச்சு புகையாக வந்தது. ஒரு நாளும் அப்படி வந்ததில்லை.

உள்ளே போகிறவர்கள் போட்டுக்கொள்ளும் கம்பளிக் கோட்டுகளில் ஒன்றை ஆணியில் காணவில்லை. கீழே ஒரு ஜோடி பழுப்புச் செருப்பு. பளபளவென்று பாலிஷ் போட்டது. யாருடையது என்று அவளுக்குத் தெரியும்.

கதவோரம் தொங்கும் நோட்டைப் பார்த்தாள். உள்ளே போன நேரம் 2.29. சூப்பர்வைசரின் கையெழுத்து.

உள்ளே இருட்டு. ஸ்விட்சைத் தட்டினாள். விளக்கு எரியவில்லை.



2.36. குரல் கொடுத்தாள். "உள்ள ஆள் உண்டா?"

சத்தமே இல்லை. பிறகு, எங்கேயோ கடைசியில்... ஒரு இருமல். சின்ன இருமல். பேசுவதற்கு முன் தொண்டையைச் சரி பண்ணுகிற இருமல்.

"ஆள் இல்ல, குருவி."

குருவி என்று அவளை இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான் கூப்பிட்டார்.

இரண்டாவது தடவை கேட்டாள். "உள்ள... ஆள் உண்டா?"

ரப்பர் பூட்ஸ் தேய்கிற சத்தம். சர்ர்... சர்ர்... இப்போது நடு அடுக்குப் பக்கம்.

"ஆள் இல்ல, குருவி. சாத்து."

மூன்றாவது தடவை அவளுக்குக் குரலே எழும்பவில்லை. உதடுதான் அசைந்தது.

திரைக்கு அந்தப் பக்கம், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில்...

"சாத்து."

செல்லங்களா, அவளைக் குறை சொல்லாதீர்கள். அவள் கை கதவுக்குப் போனது. பதினோரு வருஷமாக அவள் கேட்ட வரம் அது. கேட்டவளுக்கு, செத்தவரே வந்து கொடுக்கிறார். தாத்தாவே சொல்லிவிட்டார். அப்புறம் என்ன?

கதவைத் தள்ளினாள். அது தள்ளாமலே நகர்ந்தது... உள்ளேயிருந்து யாரோ இழுக்கிற மாதிரி.

அப்போது அவள் வலது கை, அவளைக் கேட்காமலே, நெஞ்சுக்குப் போயிற்று. பழக்கம். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து தாத்தா மாதிரியே செய்து வந்த பழக்கம்.

2.38.

ஒன்று... இரண்டு...

பிளாஸ்டிக் பட்டைகள் அவள் பக்கமாக உப்பின. காற்றே இல்லை.

நான்கு... ஐந்து...

"சாத்து."

ஏழு...

"சாத்துடீ!"

அவள் கண்ணைத் திறந்தாள்.

சாத்து'டீ'யா?

தாத்தா அவளை ஒரு நாளும் 'டீ' போட்டுப் பேசியதில்லை. அவர் ஆசையாக வைத்திருந்த ரேடியோவை அவள் போட்டு உடைத்த அன்றைக்குக்கூட 'ஏம்மா இப்படி?' என்றுதான் கேட்டார்.

எட்டு.

நெஞ்சு கனத்தது. கல் வைத்த மாதிரி.

"ஆள் உண்டு தாத்தா!" என்று கத்தினாள். "உள்ள ஆள் உண்டு!"

முழங்காலைக் கதவிடுக்கில் கொடுத்தாள். உள்ளேயிருந்து இழுத்த கை விட்டது. விளக்கு பட்டென்று எரிந்தது.

உள்ளே யாரும் நிற்கவில்லை.

வாசலிலிருந்து ஐந்தாவது அடியில் சூப்பர்வைசர் குப்புறக் கிடந்தார். புருவத்தில் ஐஸ். நகமெல்லாம் பிய்ந்து ரத்தம் உறைந்திருந்தது. கோட்டைப் பிடித்து இழுத்து வெளியே போட்டாள்.

நோட்டில் நேரம் குறித்தாள். 2.39.

சாப்பிடப் போனவர்களில் நாலைந்து பேர் ஓடி வந்தார்கள். சூப்பர்வைசர் பல் தந்தியடிக்க, அவளைப் பார்த்துக் கேட்டார்.

"ஏன்... ஏன் சாத்தின? மூணு தடவையும் கத்தினேனே... இருக்கேன், சாத்தாதேன்னு... சாத்திட்டுப் போயிட்டியே... எவ்வளவு நேரம் தட்டினேன்..."

"நான் சாத்தவே இல்ல சார்."

அவள் குனிந்து அவர் முகத்துக்கு நேரே கேட்டாள்.

"நான் அந்தப் பெரியவரோட பேத்தி. அன்னைக்குக் கூப்பிட்டீங்களா?"

அவர் அழத் தொடங்கினார்.

"கூப்பிட்டேன்... 'இருக்கேன்யா'ன்னு சொன்னாரு. கேட்டுச்சு... எல்லார் முன்னாடியும் எனக்குப் புத்தி சொன்னாரேங்கிற எரிச்சல். சும்மா ஒரு பத்து நிமிஷம் கெடக்கட்டும்னு சாத்தினேன்... சாப்பிடப் போனேன்... மறந்தே போயிட்டேன்..."

சுற்றி நின்ற அத்தனை பேரும் கேட்டார்கள். ஒருவரும் அவருக்குப் போர்வை எடுத்துக் கொடுக்கவில்லை. கடைசியில் அவள்தான் தன் கோட்டைக் கழற்றிப் போர்த்திவிட்டாள். ஏன் என்று நான் கேட்டேன். "தெரியல. கை தானா போச்சு" என்றாள்.

அது தாத்தாதானா, அவளுடைய பதினோரு வருஷக் கோபம் தாத்தா குரலில் பேசியதா... எனக்குச் சொல்லத் தெரியாது. தாத்தா தன் பங்குக்குப் பழி வாங்க வந்து, பேத்தியின் கையில் பாவம் ஒட்டாமல் தானே முடித்துவிட்டுப் போனார் என்றும் சொல்கிறார்கள்.

ஆனால் ஒன்று. ஆஸ்பத்திரியில் சூப்பர்வைசரின் எட்டு விரலை எடுத்துவிட்டார்கள். டாக்டர் பேத்தியைத் தனியாகக் கூப்பிட்டுக் கோபமாகக் கேட்டார். "உண்மையைச் சொல்லும்மா. எவ்வளவு நேரம் உள்ள இருந்தாரு?"

"பத்து நிமிஷம், டாக்டர். நோட்டுல இருக்கு."

"பத்து நிமிஷத்துல விரல் இப்படிக் கருகாது. ரெண்டு மணி நேரம் ஆகியிருக்கணும்."

நர்ஸ் சூப்பர்வைசர் கையிலிருந்து கழற்றிய கைக்கடிகாரத்தைப் பேத்தியிடம் கொடுத்தாள். ஆஸ்பத்திரிச் சுவரில் அப்போது மணி மூன்று இருபது.

கைக்கடிகாரம் நிற்கவில்லை. ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது.

அதில் மணி ஐந்து இருபது.

சரி, போதும். எழுந்திருங்கள். உங்கள் வீட்டில் எல்லோரும் நேரத்துக்கு வீடு வந்து சேரட்டும். வந்து சேர்ந்தவர்களின் கை சூடாக இருக்கட்டும். நீங்கள் கூப்பிட்டால் பதில் சொல்ல, எப்போதும் உங்கள் ஆட்களே இருக்கட்டும், கண்ணுகளா.